பிஎச்.டி முடிச்சா பேராசிரியர் வேலை மட்டும்தானா? கோவை உயிரியல் ஆய்வாளர்களுக்கு விதி சொல்லும் பயிற்சி கைக்கு வருகிறதா?

கோவையில் உயிரியல் ஆராய்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. மருதமலை ரோட்டில் பாரதியார் பல்கலைக்கழகம், லாலி ரோட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வீரகேரளத்தில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், ஆர்.எஸ்.புரம் பக்கம் வன மரபியல் நிறுவனம், ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம். இதுபோக தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், ஆராய்ச்சித் துறை வைத்திருக்கும் கலை அறிவியல் கல்லூரிகளும் ஏராளம்.

இங்கெல்லாம் நான்கைந்து வருஷம் லேப், ஃபீல்டு, தீசிஸ் என்று ஓடிவிட்டு, வைவா முடித்து, பெயருக்கு முன்னால் 'முனைவர்' போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்களிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "சரி, அடுத்து என்ன?" என்பதுதான். பலருக்கும் தெரிந்த ஒரே பதில் கல்லூரி ஆசிரியர் வேலை. அந்த வேலை எல்லாருக்கும் கிடைக்குமா? கிடைக்காது என்றால், அத்தனை வருஷப் படிப்பு வேறு எதற்குத் தயார் செய்கிறது? இதற்கு யுஜிசி விதியிலேயே ஒரு பதில் இருக்கிறது. அது ஆய்வாளர் கைக்கு வந்து சேருகிறதா என்பதைத்தான் இந்தச் செய்தியில் பார்க்கப் போகிறோம்.

படிப்பவர்கள் எவ்வளவு, வேலை எவ்வளவு?

மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, 2014-15-ல் நாடு முழுக்க பிஎச்.டி படித்துக்கொண்டிருந்தவர்கள் 1.17 லட்சம் பேர். 2021-22-ல் அது 2.12 லட்சம். ஏழே வருஷத்தில் 81 சதவீத உயர்வு. இதில் பெண்கள் மட்டும் 98 ஆயிரம் பேர்.

ஆனால் ஆசிரியர் பணியிடங்கள் அதே வேகத்தில் கூடவில்லை. தமிழகத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கான அறிவிப்பை ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. பெரிய எண்ணிக்கை மாதிரி தெரியலாம். ஆனால் அது தமிழ், கணிதம், வணிகவியல் என எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து. தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் எல்லாம் அதில் ஒரு பங்குதான். தேர்வும் சொன்ன நேரத்தில் நடக்காமல் தள்ளிப்போனது.

இன்னொரு விஷயமும் உண்டு. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராகச் சேர பிஎச்.டி கட்டாயம் என்று வரவிருந்த விதியை, 2023 ஜூலை 1 முதல் யுஜிசி தளர்த்திவிட்டது. நெட், செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று இருந்தால் குறைந்தபட்சத் தகுதி வந்துவிடும். அதாவது, ஆசிரியர் வேலைக்குள் நுழையும் டிக்கெட்டாகக்கூட பிஎச்.டி கட்டாயம் கிடையாது. அப்படியானால் அந்தப் பட்டம் வேறு எதைத் தருகிறது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

'கட்டமைக்கப்பட்ட பிஎச்.டி' என்றால் என்ன?

பழைய முறை ரொம்ப சிம்பிள். ஒரு நெறியாளர், ஒரு மாணவர், ஒரு தலைப்பு. நெறியாளர் நல்லவராக அமைந்தால் மாணவர் பிழைத்தார். இல்லையென்றால் அவர் பாடு திண்டாட்டம். குருகுலம் மாதிரி என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் எல்லா குருகுலமும் ஒரே மாதிரி இருக்காதே!

இதை மாற்றி, வகுப்பு, காலக்கெடு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அடங்கிய கண்காணிப்புக் குழு, ஆய்வுக்கு வெளியேயும் உதவும் திறன் பயிற்சி என்று ஒரு சட்டகத்துக்குள் கொண்டுவருவதுதான் கட்டமைக்கப்பட்ட பிஎச்.டி.

இந்தியாவில் இது படிப்படியாக வந்தது. 2009-ல் யுஜிசி கொண்டுவந்த ஒழுங்குமுறை, கோர்ஸ்வொர்க் எனப்படும் பாட வகுப்பைக் கட்டாயமாக்கியது. 2016-ல் அதைத் திருத்தி புது விதிகள் வந்தன. 2019 இறுதியில் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை என்ற 2 கிரெடிட் பாடம் கட்டாயமானது. 2022 நவம்பரில் வந்ததுதான் இப்போது நடைமுறையில் இருக்கும் ஒழுங்குமுறை.

அதில் உள்ள முக்கிய அம்சங்கள்:

- படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு கூடுதல் உண்டு.
- பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 240 நாள் வரை.
- கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு முறையியலும் ஆய்வு நெறிமுறையும் அதற்குள் வர வேண்டும்.
- ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன்பு ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வாளர் தன் முன்னேற்றத்தை விளக்க வேண்டும்.
- எந்தத் துறையாக இருந்தாலும், எல்லா பிஎச்.டி ஆய்வாளர்களும் தங்கள் பாடம் சார்ந்து கற்பித்தல், எழுத்து ஆகியவற்றில் பயிற்சி பெற வேண்டும். வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் உதவி, ஆய்வக வகுப்பு போன்ற பணிகளும் தரலாம்.
- தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற 2016-ன் நிபந்தனை, 2022 விதியில் இல்லை.

கடைசிக்கு முந்தைய அம்சத்தை மறுபடி ஒருமுறை படியுங்கள். 'எல்லா ஆய்வாளர்களும்' என்கிறது விதி. விரும்பினால் போகலாம் என்ற வகை இல்லை இது. ஆனால் அந்தப் பயிற்சிக்கு எத்தனை கிரெடிட், யார் நடத்துவது, நடந்ததா இல்லையா என்று யார் பார்ப்பது என்பதெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

எங்கே போனாலும் கூடவே வரும் திறன்கள்

ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்ஃபரபிள் ஸ்கில்ஸ்' என்பார்கள். ஒரு வேலையில் கற்று, இன்னொரு வேலைக்குப் போனாலும் கைகொடுக்கும் திறன். பவர்பாயின்ட் போடுவதும் கோட் மாட்டிக்கொண்டு பேசுவதும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் அதைவிடப் பெரியது.

உதாரணத்துக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையில் பறவைகளைப் பற்றி ஆய்வு செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். மலைக்கிராம மக்களிடம் பேசி நம்பிக்கை பெற வேண்டும். கிடைத்த சொற்பப் பணத்தில் வண்டி, சாப்பாடு, உதவியாளர் சம்பளம் எல்லாம் சமாளிக்க வேண்டும். மழை வந்து ஒரு சீசன் கெட்டுப்போனால் திட்டத்தை மாற்ற வேண்டும். வருஷக்கணக்கில் சேர்ந்த தரவைப் பிழையில்லாமல் அடுக்கி, புள்ளியியல் மென்பொருளில் போட்டு அலச வேண்டும்.

இதையே ஒரு கம்பெனியின் மொழியில் சொன்னால்: அரசு அனுமதி பெறுதல், சமூகத் தொடர்பு, பட்ஜெட், இடர் மேலாண்மை, டேட்டா அனாலிசிஸ். அத்தனையும் அவரிடம் இருக்கிறது. ஆனால் பயோடேட்டாவில் 'பறவைகள் பற்றிய முனைவர் பட்டம்' என்ற ஒற்றை வரிதான் இருக்கும். தன்னிடம் என்ன இருக்கிறது என்பதை அவருக்கே யாரும் எடுத்துச் சொன்னதில்லை. இது ஒரு வகை இழப்பு.

இன்னொரு வகையும் உண்டு. லேபில் பி.சி.ஆர். மெஷினை மட்டும் நான்கு வருஷம் ஓட்டிவிட்டு, புள்ளியியலை வெளியே காசு கொடுத்துச் செய்துகொண்டு, தீசிஸின் மொழியை வேறு யாரோ திருத்தித் தர, பட்டம் வாங்குகிறவர். இவரிடம் அந்தத் திறன்கள் வளரவே இல்லை. முதலாமவருக்குத் தேவை தன் திறனுக்குப் பெயர் வைக்கத் தெரிவது. இரண்டாமவருக்குத் தேவை பயிற்சி. கட்டமைப்பு சரியாக இருந்தால் இரண்டுமே கிடைக்கும்.

ஒரே ஊரில் இரண்டு முறை

இதில் கோவைக்கு ஒரு தனி அனுபவம் இருக்கிறது. இங்கே இரண்டு வித பிஎச்.டி பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன.

வேளாண் பல்கலைக்கழகங்களுக்காக இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வகுத்த பொதுப் பாடத்திட்டத்தில் பிஎச்.டி-க்கு மொத்தம் 100 கிரெடிட். அதில் ஆய்வுக்கு 75. மீதி 25 கிரெடிட் முதன்மைப் பாடம், துணைப் பாடம், ஆதரவுப் பாடம், கருத்தரங்கு என்று போகிறது. அதற்கும் முன்னாடி, முதுநிலையிலேயே எல்லாருக்கும் பொதுவான கட்டாயப் பாடங்கள் உண்டு: நூலகத் தகவல் சேவை, தொழில்நுட்ப எழுத்தும் தகவல் தொடர்பும், அறிவுசார் சொத்துரிமை, ஆய்வக அடிப்படைகள், ஆய்வு நெறிமுறையும் ஊரக வளர்ச்சியும். அதாவது, காப்புரிமை என்றால் என்ன, அறிக்கை எப்படி எழுதுவது என்பதை பிஎச்.டி-க்கு வரும் முன்பே தொட்டுவிட்டு வருகிறார்கள்.

கலை அறிவியல் வழியில் வரும் உயிரியல் ஆய்வாளருக்கு யுஜிசி சொல்லும் குறைந்தபட்சம் 12 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் என்று வைத்தால் மொத்தமே 180 மணி நேரம். அதில் முறையியலும் நெறிமுறையும் துறைப் பாடமும் போக, எழுத்துக்கும் தரவு அலசலுக்கும் தொழில்துறை அறிமுகத்துக்கும் எவ்வளவு நேரம் மிஞ்சும்? கணக்கு நீங்களே போட்டுக்கலாம்.

வேளாண் முறையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பாடத்திட்டத்தில் பெயர் இருப்பதும் வகுப்பறையில் உருப்படியாக நடப்பதும் வேறு வேறு. ஆனால் ஒரு சைக்கிள் மிதி தூரத்தில் இருக்கும் இரண்டு வளாகங்களுக்கு இடையில் இந்தப் பாடங்களைப் பகிர்ந்துகொள்ள முடியாதா என்பது நியாயமான கேள்வி.

கொங்கு மண்டலத்துக்கு இது ஏன் முக்கியம்?

மூன்று உதாரணம் பார்க்கலாம்.

முதலாவது, பொள்ளாச்சி. தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2016-ல், பொள்ளாச்சி பகுதியில்தான். ஓலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது வெளியேற்றும் தேன் போன்ற திரவத்தில் கரும்பூசணம் படரும். விவசாயிக்கு முதலில் தோன்றுவது மருந்தடிக்கலாம் என்பதுதான். ஆனால் ரசாயன மருந்து அடித்தால், அந்த ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து சாகும். அதனால் மஞ்சள் ஒட்டுப்பொறி வைங்க, விசையாகத் தண்ணீர் பீய்ச்சுங்க, கரும்பூசணத்துக்கு மைதா பசைக் கரைசல் தெளிங்க என்றுதான் நிபுணர்கள் சொல்கிறார்கள். கண்ணெதிரே மரம் கருத்துக் கிடக்கும்போது 'மருந்தடிக்காதீங்க' என்று ஒரு விவசாயியிடம் சொல்லிப் புரியவைப்பது சாதாரண வேலையா? பூச்சியியல் தெரிந்தால் மட்டும் போதாது. அவர் மொழியில், அவர் நஷ்டத்தைப் புரிந்துகொண்டு பேசத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, 2020 கொரோனா காலம். திருப்பூர் உள்ளிட்ட ஊர்களில் பனியன் தைத்த கம்பெனிகள் முழு உடல் கவச உடை தைக்க இறங்கின. அந்தத் துணி வழியாகச் செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதித்துச் சான்றளிக்கும் பணி கோவையில் உள்ள சிட்ராவுக்கு வந்தது. 1956-ல் ஜவுளி ஆராய்ச்சிக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. துணியும் நோய்க்கிருமியும் சந்திக்கிற இந்த மாதிரி இடத்தில் தரநிலைகளைப் படித்துப் புரிந்துகொள்ளவும், சோதனையைப் பிசகில்லாமல் பதிவு செய்யவும், தொழிலதிபருக்குப் புரிகிற மாதிரி அறிக்கை எழுதவும் தெரிந்த ஆள் தேவை. நுண்ணுயிரியல் படித்த ஒருவருக்கு இது இயல்பான வேலை. ஆனால் இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாமல் படிப்பை முடிக்கிறவர்கள் உண்டு.

மூன்றாவது, பழைய கதை. 1912-ல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி தொடங்கியது. சி.ஏ.பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்போடு காட்டுக் கரும்பையும் கலந்து உருவாக்கிய 'கோ 205' ரகம் 1918-ல் வெளிவந்து வட இந்திய வயல்களுக்குப் போனது. 'கோ' என்பது கோயம்புத்தூரைத்தான் குறிக்கும். கோவையில் பிறந்த ரகம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வயலில் நின்றது, லேபுக்கும் வயலுக்கும் ஆலைக்கும் இடையே தொடர்பு இருந்ததால்தான்.

நாமக்கல் முட்டைப் பண்ணைகள், பல்லடம் கறிக்கோழி, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள் என்று உயிரியல் அறிவு தேவைப்படும் தொழில்கள் சுற்றிலும் இருக்கின்றன. ஆய்வாளருக்கும் இந்தத் தொழில்களுக்கும் நடுவில் வழக்கமான ஒரு பாதை போடப்படவில்லை என்பதுதான் குறை.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 2002-ல் வெளியான ராபர்ட்ஸ் அறிக்கை, ஒவ்வொரு பிஎச்.டி மாணவருக்கும் வருஷத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் திறன் பயிற்சி தர வேண்டும் என்றது. சொன்னதோடு நிற்கவில்லை, அதற்கென்று அரசு தனியாகப் பணமும் ஒதுக்கியது. பிறகு அங்குள்ள உயிரியல் ஆராய்ச்சி கவுன்சில் இன்னொரு படி மேலே போய், தன் நிதியில் நடக்கும் பயிற்சித் திட்ட மாணவர்கள் மூன்று மாதம் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று வைத்தது. பள்ளி, பத்திரிகை, கொள்கை வகுக்கும் அலுவலகம், கம்பெனி எதுவாகவும் இருக்கலாம்.

ஐரோப்பாவில் 2005-ல் வகுக்கப்பட்ட சால்ஸ்பர்க் கொள்கைகள், முனைவர் பயிற்சியின் மையம் அசல் ஆராய்ச்சிதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, கல்விக்கூடத்துக்கு வெளியே உள்ள வேலைச் சந்தையையும் அந்தப் பயிற்சி கணக்கில் எடுக்க வேண்டும் என்றன. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் 2013 முதல் 17 நிறுவனங்களில் 'பெஸ்ட்' என்ற திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது.

லேப் வேலை கெட்டுப்போகாதா?

நெறியாளர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமானதும்கூட. ஃபெல்லோஷிப்புக்கு ஒரு காலக்கெடு, புராஜெக்டுக்கு ஒரு காலக்கெடு. நடுவில் மாணவரைப் பயிலரங்கத்துக்கு அனுப்பினால் செல்களுக்கு யார் தீனி போடுவது?

இதற்கு ஆதாரத்தோடு ஒரு பதில் இருக்கிறது. மேலே சொன்ன அமெரிக்கத் திட்டத்தில் இருந்த 10 நிறுவனங்களின் தரவை அலசி, 'பிளாஸ் பயாலஜி' ஆய்விதழில் 2021-ல் ஒரு கட்டுரை வந்தது. திறன் பயிற்சிக்குப் போனதால் பட்டம் பெறும் காலம் நீளவும் இல்லை, ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை குறையவும் இல்லை என்பதே அதன் முடிவு. அமெரிக்கச் சூழல் வேறு, நம் சூழல் வேறுதான். ஆனாலும் 'பயிற்சி என்றாலே நேர விரயம்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

நம் நாட்டிலும் நடக்கிறதே?

நடக்கிறது. ஆனால் எல்லாருக்கும் இல்லை. பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் பெறுகிறவர்கள் பாலிடெக்னிக், ஐடிஐ, பொறியியல் கல்லூரிகளில் வாரம் ஒருமுறை பாடம் எடுக்க வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் பிஎச்.டி செய்கிறவர்களுக்கு கிராமப்புறப் பிரச்சினை ஒன்றை எடுத்து வேலை செய்யும் சமூகத் திட்டம் உண்டு. தன் ஆய்வை எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதும் ஆய்வாளர்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-ல் 'அவ்சர்' என்ற போட்டியைத் தொடங்கி, முதல் பரிசாக 1 லட்சம் ரூபாய் அறிவித்தது.

கவனித்தால் ஒன்று புரியும். ஏற்கெனவே வசதியான இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் பயிற்சியும் கூடுதலாகக் கிடைக்கிறது. ஜே.ஆர்.எஃப். வாங்குபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. எந்த ஃபெல்லோஷிப்பும் இல்லாமல், சுயநிதிக் கல்லூரியில் வகுப்பும் எடுத்துக்கொண்டு, பகுதிநேரமாக பிஎச்.டி செய்பவருக்கு உதவித்தொகையும் இல்லை, பயிற்சிக்குப் போக லீவும் இல்லை. கல்யாணம், குழந்தை என்று பொறுப்பும் சேர்ந்த பெண்களுக்கு இன்னும் கஷ்டம். கட்டமைப்பு அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

சேரும் முன் என்ன கேட்கலாம்?

விதியில் ஆய்வாளர் கையில் ஒரு சாவி இருக்கிறது. ஆராய்ச்சி ஆலோசனைக் குழுதான் ஒருவருக்கு எந்தப் பாடம் தேவை என்று அடையாளம் காட்ட வேண்டும். யுஜிசி அங்கீகரித்த ஆன்லைன் பாடங்களையும் அந்தக் கிரெடிட் கணக்கில் சேர்க்க அந்தக் குழு பரிந்துரைக்கலாம். அதனால் பணிவாக, ஆனால் தெளிவாக இவற்றைக் கேட்கலாம்:

1. எனக்குப் புள்ளியியலும் தரவு அலசலும் பலவீனம். அதற்கான பாடத்தைக் கோர்ஸ்வொர்க்கில் சேர்க்க முடியுமா?
2. விதியில் உள்ள கற்பித்தல், எழுத்துப் பயிற்சி இங்கே எந்த வருஷம், எப்படி நடக்கிறது? சான்று தருவார்களா?
3. செமஸ்டர் தோறும் நடக்கும் கூட்டத்தில் ஆய்வு முன்னேற்றத்தோடு என் திறன் வளர்ச்சியையும் ஒரு வரியாவது பதிவு செய்வார்களா?
4. ஒரு தொழிற்சாலை, ஆய்வகம், பண்ணை அல்லது அரசுத் துறையில் சில வாரம் வேலை பார்க்க அனுமதி உண்டா?
5. இந்த நெறியாளரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள்?

கடைசிக் கேள்வியைக் கல்லூரி இணையதளத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் சீனியர்களிடம் டீக்கடையில் கேட்டால் கிடைக்கும். சேரும் முன் ஒரு டீ செலவு செய்வது தப்பில்லை.

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியதும் ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. 2022 விதி சொல்லும் பயிற்சிக்கு மணி நேரக் கணக்கு வைப்பது, பகுதிநேர ஆய்வாளர்களுக்கு வார இறுதியில் நடத்துவது, பக்கத்து வளாகத்தின் பாடத்தை ஏற்றுக்கொள்வது, பட்டம் பெற்றவர்கள் எங்கே போனார்கள் என்று பட்டியல் வெளியிடுவது. இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை.

தீசிஸ் கடைசியில் நூலக அலமாரிக்குப் போய்விடும். அதை எழுதியவருக்கு அதற்குப் பிறகு முப்பது வருஷ உழைப்புக் காலம் இருக்கிறது. பிஎச்.டி பயிற்சி அந்த முப்பது வருஷத்தையும் சேர்த்து யோசித்ததா என்பதைத்தான் அடுத்த செமஸ்டர் கூட்டத்தில் ஆய்வாளர்களும் நெறியாளர்களும் பேச வேண்டும்.